வீங்காத கை

கொசு குடித்து முடிக்கும்வரை அவள் கையை அசைக்கவில்லை.

தையல் மெஷினுக்கு முன்னால் மர நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கொசுவின் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து உப்புவதை, அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அவள் கணவன் ஒரு காலில் ஷூவும் மறு கால் வெறுங்காலுமாக வாசலில் அப்படியே நின்றான். வீடு வீடாகப் போய்ப் பூச்சிக்கு மருந்தடிப்பதுதான் அவன் பிழைப்பு. அவன் வீட்டிலேயே ஒரு கொசு பட்டப்பகலில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுவது, போலீஸ்காரர் வீட்டுக்குள் திருடன் வந்து டீ குடித்துவிட்டுப் போகிற மாதிரி. கொசு எழுந்தது. பாரம் தாங்காமல் தாழப் பறந்து ஜன்னல் திரையில் ஒட்டிக்கொண்டது.

“ஒரு அடி அடிச்சிருக்கலாம்ல?”

“எதுக்குங்க? பசிக்குது, குடிக்குது.”

ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். அவனுடைய மொக்கை ஜோக்குகளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவளுக்கும் தொற்றிக்கொண்டது போல. பக்கத்தில் போய்க் கையைப் பார்த்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. கடித்த இடத்தில் ஒரு சின்னத் துளை. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. அதன் பக்கத்தில் இன்னொரு துளை. அதற்கப்புறம் இன்னொன்று. தையல் பிரித்த துணியில் நூல் போன தடம் தெரியுமே, அந்த மாதிரி முழங்கை வரைக்கும்.

“அரிக்கலையா?”

“இல்லையே.”

“அப்போ நல்லதாப் போச்சு, போ,” என்றான். சொல்லும்போதே அவன் கையில் நேற்றைய கடி ஒன்று பட்டாணி அளவுக்கு வீங்கி அரித்தது. சொறிந்துகொண்டான்.

அவள் உயிரோடு இருப்பதே ஊசியின் புண்ணியம். ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, மூச்சு விடுவதே கூலி வேலை மாதிரி ஆகி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, முடிந்த அளவு எளிமையாகச் சொன்னார்.

“கிருமி பாதி வேலைதான் செஞ்சிருக்கு. மீதியை அவங்க உடம்பே செய்யுது. எதிரியைத் தேடறேன்னு சொந்த வீட்டையே இடிச்சுட்டிருக்கு. அந்த ஆவேசத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்க ஒரு ஊசி இருக்கு. போட்டா கிருமியை விரட்டற சக்தியும் குறையும். ஆனா போடாம விட்டா, சண்டையிலேயே போயிடுவாங்க.”

அவனுக்கு உடனே புரிந்தது. ஒரு தடவை ஒற்றை எலிக்காக ஒரு வீட்டுக்குள் அவன் போட்ட புகையில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு வாரக்கணக்கில் மச்சினன் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. எலி சாகவில்லை. அதிலிருந்து தெருவில் எல்லோருக்கும் அவன் ‘புகை’தான். போடுங்க டாக்டர் என்றான். அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து, “தண்ணி,” என்று கேட்டபோது, முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். நிறையத் தண்ணீர் வீணானது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். ஊசியைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே தொடர வேண்டும், பிறகு நிறுத்தலாம். அவளுடைய தங்கையே நர்ஸ் என்பதால் வந்து போட்டுவிடுவாள். இன்னொன்று, நுரையீரல் இன்னும் பச்சைப் புண். புகை, நெடி எதுவும் ஆகாது.

புகை ஆகாது என்று ‘புகை’யிடமே சொன்னார்கள். அவன் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டான். மருந்து டப்பாக்களையெல்லாம் வண்டியில் போட்டுப் பூட்டினான். சுவர்களை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கரையான் வராமலிருக்க வீட்டைச் சுற்றி அஸ்திவாரத்தில் அவனே வருஷா வருஷம் ஊற்றிய மருந்து மண்ணில் ஊறிக் கிடக்கிறதே என்ற நினைப்பு வந்தது. மண்வெட்டி எடுத்து அந்த மண்ணைச் சுற்றிலும் தோண்டி அள்ளி எறிந்தான். பள்ளத்தை நிரப்ப, இடிப்பதற்காகக் காலி செய்திருந்த ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கொட்டினான். கறுப்பாக, ஈரமாக, பிடித்தால் பிடிக்குள் நிற்கிற மண்.

ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். யாருக்கும் அவ்வளவு தெரியாது.

*

அந்த வீட்டில் சத்தம் என்றால் தையல் மெஷின்தான். காலையில் அவள் மிதிக்கத் தொடங்கினால், முன்னறையிலிருந்து சமையலறை வரைக்கும் அந்தக் கடகட ஓடும். நூல் அறுந்தால் நிற்கும், ஒரு முணுமுணுப்பு கேட்கும், மறுபடி ஓடும். அவன் அதற்குப் பழகியிருந்தான், மழைக்குப் பழகுகிற மாதிரி. அதனால்தான் ஒரு மத்தியானம், அவள் ஒரு சட்டைக் கையைப் பொருத்தி முடித்து மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் சத்தம் முழுசாக நிற்கவில்லை என்பதை அவன் காது கண்டுபிடித்தது. மெஷினுக்கு அடியில், துணி மூட்டைகளுக்குப் பின்னால், காய்ந்த காகிதத்தை யாரோ விரலிடுக்கில் வைத்து மெதுவாகக் கசக்குகிற மாதிரி ஒரு சரசரப்பு.

“எலியா?” என்றான்.

“எது?”

“அந்தச் சத்தம்.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “அது எப்பவும் இருக்கறதுதானே,” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தான். ஆள்காட்டி விரலின் சதைக்குள், தோலுக்கு அடியில், நேராக ஒரு சாம்பல் நிறக் கோடு.

“என்னது அது?”

“குண்டூசி. போன வாரம் உள்ளே போயிடுச்சு.”

“போயிடுச்சா? எடுக்கலையா?”

“உறுத்தலைங்க. அது பாட்டுக்கு இருக்கு.” விரலை மடக்கிக் காட்டினாள். கோடும் கூடவே அசைந்தது. தோல் அதன்மேல் ஒரு வடுகூட இல்லாமல் மூடியிருந்தது. ஒரு முள் தைத்தால் உடம்பு என்ன பாடு படுத்தும், சிவக்கும், சீழ் கட்டும், வெளியே தள்ளும்வரை தூங்க விடாது. இந்த விரல் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டது.

குனிந்திருந்த அவள் வாயிலிருந்து ஈர மண் வாசனை வந்தது.

அன்று சாயங்காலம் தங்கை ஊசி போட வந்தாள். அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். வழக்கமாக அவன் எதைச் சொன்னாலும் பாதியிலேயே கிண்டல் செய்கிறவள், இந்த முறை குறுக்கிடவே இல்லை. உள்ளே போய் அக்காவின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொண்டுவந்த குப்பியை ஊசியில் ஏற்றாமல், பிரிட்ஜுக்குள் வைத்தாள். வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

“மாமா, ஊசியை நிறுத்தச் சொல்லிட்டார். உடம்பு முழிச்சாகணுமாம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னார், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும்னு. அதுக்குள்ள காய்ச்சல் வந்தா பயப்படாதீங்க. உடனே எனக்குக் கூப்பிடுங்க.”

“காய்ச்சல் வருமா?”

“வரணும்,” என்றாள். “வராட்டிதான் பயம்.”

காலையில் மனைவி ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். கோபமில்லை, பிடிவாதமில்லை. “நான் நல்லாத்தானே இருக்கேன்? தைக்க வேண்டியது கிடக்கு,” என்றாள். இழுத்துக்கொண்டா போக முடியும்? சாயங்காலம் போகலாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கினான். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்தான். கல்யாணமான புதிதில் இப்படி இருந்தான். அப்போது அவள், “போய்ச் சம்பாதிங்க,” என்று விரட்டினாள். இப்போது விரட்டவில்லை. எதையுமே விரட்டவில்லை. பல்லி ஒன்று அவள் தோளில் ஏறி, கழுத்தைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

*

மத்தியான வெயில் சாய்ந்து அறைக்குள் பழுப்பாகிற நேரத்தில் மெஷின் நின்றது. சமையலறையில் வெளிச்சம் விழுந்தது. போய்ப் பார்த்தான். பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றிருந்தாள். குளிர்ப் புகை அவள் கால்மேல் வழிந்தது. கையில் குப்பி.

“இன்னிக்கு ஊசி போடணும்.”

“வேண்டாம்மா. டாக்டர் நிறுத்திட்டார்.”

“நிறுத்தினா எழுந்துக்குவாங்க.”

“யாரு?”

“சண்டை போடறவங்க.”

அவள் குரலில் பயம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாக அவளிடம் பயத்தைப் பார்த்தான். ஆனால் அது அவளுக்காகப் படுகிற பயமாகத் தெரியவில்லை. மடியில் குழந்தையை வைத்திருக்கிறவள், தெருவில் கூச்சல் கேட்டால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அவன் குப்பியை வாங்கினான். அவள் விரல்கள் சுலபமாக விட்டுக்கொடுத்தன, பிடிப்பே இல்லாமல். தொட்டியில் போட்டு டம்ளரின் அடியால் உடைத்தான். கண்ணாடித் தூளோடு மருந்து ஒரு சின்ன வட்டமாகி ஓட்டையில் இறங்கியது.

அவள் பிரிட்ஜைச் சாத்தினாள். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மிதியில் கால் வைக்கவில்லை.

மெஷின் இல்லாத வீட்டில் அந்தச் சரசரப்பு தனியாகக் கேட்டது. இப்போது அதற்கு ஒரு திசை இருந்தது. சுவரில். நிலைப்படியில். அவன் பைக்குள்ளிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அதன் கைப்பிடியால் மரத்தைத் தட்டிப் பார்ப்பதுதான் அவன் படித்த படிப்பு. கெட்டி மரம் ‘டக்’ என்னும். கரையான் தின்ற மரம் பெருமூச்சு விடும். காதை வைத்துக் கேட்டால் இன்னொன்றும் கேட்கும். கூட்டை யாராவது தொட்டால் கரையானில் காவல் காக்கிறவை மரத்தில் தலையை மோதும்; ஆபத்து என்று மற்றதுகளுக்குச் சொல்லும். வாடிக்கையாளர்களைப் பயமுறுத்த அவன் வழக்கமாகச் சொல்கிற கதை. வெளியே ஒரு மண்கோடு தெரிஞ்சா, உள்ளே வேலை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் சார், என்று முடிப்பான். பெரும்பாலும் முன்பணம் கிடைத்துவிடும்.

வாசல் நிலையைத் தட்டினான். பெருமூச்சு.

மேலே தட்டினான். கீழே தட்டினான். கட்டைவிரலால் லேசாக அழுத்தினான். விரல் உள்ளே போயிற்று. மரம் என்று அங்கே எதுவும் இல்லை. பெயின்ட் மட்டும் நிலைப்படியின் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது.

புது மண். அந்தக் கறுப்பு மண். அவனே சுமந்து வந்தது.

தரையில் குனிந்தான். நிலைப்படியின் காலிலிருந்து ஒரு மண்கோடு, பென்சில் கனத்தில், சுவரோரமாக ஓடியது. துணி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தது. மூட்டைகளை இழுத்தான். சட்டைகள், பாவாடைகள், யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த ரவிக்கைகள், எல்லாம் சல்லடையாகக் கையோடு வந்தன. கோடு மெஷின் மேஜையின் கீழ் போயிற்று. மேஜைக் காலில் ஏறவில்லை. அங்கே அதற்கு வேலையில்லை போல. நேராகப் போய் நாற்காலியின் பின்னங்காலில் ஏறியது.

“எழுந்திரும்மா.”

அவள் எழவில்லை.

“எழுந்திரு. வா, வெளியே போகலாம். மருந்தடிச்சாகணும். எழுந்திரு தாயே.”

“குளிருதுங்க,” என்றாள்.

நெற்றியில் கை வைத்தான். சுட்டது. அடுப்பு மாதிரி சுட்டது. அவனுக்குக் கண் நிறைந்தது. முழித்துக்கொண்டது! உடம்பு முழித்துக்கொண்டது! எவனாவது பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று சந்தோஷப்படுவானா? அவன் பட்டான். போனை எடுத்து மச்சினியைக் கூப்பிட்டான்.

“சுடுதா மாமா? நிஜமாவா?” அவள் குரலும் உடைந்தது. “சரி. ஆம்புலன்ஸோட வர்றேன். பக்கத்துலதான் இருக்கேன். மூச்சு எப்படி இருக்கு?”

“கரகரன்னு இருக்கு. உள்ளே ஏதோ...”

“சளியா இருக்கும். முன்னாடி சாய வச்சு, உள்ளங்கையைக் குழிச்சு முதுகில தட்டி விடுங்க. மெதுவா. ஆஸ்பத்திரியில நான் தட்டினேன்ல, அப்படி.”

போனைக் கீழே வைத்தான். அவளை மெஷின்மேல் முன்னால் சாய்த்தான். எடையே இல்லை. ஜாக்கெட்டுக்கு மேலே முதுகின் தோல் வழுவழுவென்று, ஒரு மரு கூட இல்லாமல், புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. உள்ளங்கையைக் குழித்தான்.

தட்டினான்.

கை அப்படியே நின்றது.

அவன் காதுக்குத் தெரியும். அவன் கைக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தைத் தேடித்தான் தட்டியிருக்கிறான்.

இல்லை. சளி. சளிதான்.

இன்னும் கொஞ்சம் கீழே தட்டினான்.

பெருமூச்சு.

பிறகு, உள்ளேயிருந்து, பதில் வந்தது. நூற்றுக்கணக்கான சின்னத் தலைகள் ஒரே நேரத்தில் மோதுகிற, உலர்ந்த, வேகமான ஒரு நடுக்கம். உள்ளங்கையில் அதை உணர்ந்தான். அது நின்றது. நாற்காலி பதில் சொன்னது. அது நின்றது. சுவர். நிலைப்படி. கூரை. வீடு முழுக்க ஒரு சுற்றுப் போய்விட்டு, திரும்பி வந்து, அவள் முதுகுக்குள் அடங்கியது.

“தட்டாதீங்க,” என்றாள். முகத்தை மெஷினிலிருந்து எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “பயந்துக்குதுங்க.”

அந்தக் கை சுட்டது. காய்ச்சல் எங்கேயோ உள்ளே, காலியான அறைகளுக்குள், யாரையோ தேடி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மணிக்கட்டை விடுவிக்கப் பார்த்தான். லேசாகத்தான் இழுத்தான். அவள் முன்கையில், கொசுத் துளைகளின் வரிசை நெடுக, மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. ரத்தம் வரவில்லை. கொஞ்சம் தூசி உதிர்ந்து மெஷின்மேல் விழுந்தது.

இழுப்பதை நிறுத்தினான்.

மூச்சையும் நிறுத்தினான்.

நாற்காலிக் காலிலிருந்து கோடு அவள் கணுக்காலுக்கு வந்திருந்தது. புடவைக்குள் போயிருந்தது. இடுப்பில் வெளிவந்து, விலாவில் ஏறி, தோளைச் சுற்றி, கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஈரமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. முழங்கை. விரிசலின் ஓரம். அவள் விரல்கள்.

வெளியே வண்டி வந்து நின்றது. ஓடி வருகிற செருப்புச் சத்தம்.

“மாமா! கதவைத் திறங்க!”

மச்சினி கதவைத் தட்டினாள். நிலைப்படி நடுங்கியது. பெயின்ட் ஓர் அங்குலம் கிழிந்தது. மெஷின்மேல் சாய்ந்திருந்த தோளிலிருந்து தூசி கொட்டியது.

“மாமா! கேக்குதா? அக்கா எப்படி இருக்கா?”

மறுபடி தட்டினாள். பலமாக. அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்று, குண்டூசி இருந்த விரல், சத்தமில்லாமல் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் உடைந்தது. ஊசி மட்டும் உருண்டது.

கத்தினால் அதிரும்.

“தட்டாதே,” என்றான், உதடு மட்டும் அசைய. “தட்டாதேம்மா. தட்டாதே.”

ஈரமான கோடு, குளிர்ச்சியாக, அவள் விரலிடுக்கிலிருந்து அவன் மணிக்கட்டில் இறங்கி, அங்கிருந்த கொசுக்கடியின் வீக்கத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது.

அவன் கையை அசைக்கவில்லை.